ஒன்றரை நாள் விலக்கலும் நூற்றிருபத்தைந்து வருடச் சட்டமும்

இங்கிலாந்தில் பள்ளிகளுக்கு வக்கீல்கள் எழுதிக் கொடுக்கும் ஆலோசனைக் குறிப்புகள் என்று ஒரு எழுத்து வகை இருக்கிறது. நாலைந்து பக்கம், வறண்ட நடை, "தலைமை ஆசிரியர் இதைக் கவனிக்கவும்" என்ற தொனி. சிறப்புக் கல்வித் தேவை, மாற்றுத்திறன் இரண்டையும் பற்றிய குறிப்புகளைத்தான் நான் கொஞ்ச காலமாகத் தேடித்தேடிப் படித்து வருகிறேன். இலக்கியச் சுவைக்காக இல்லை. சட்ட வரலாறு இந்தக் குறிப்புகளில் ஒளிந்து கிடக்கிற மாதிரி பாடப் புத்தகத்தில்கூடக் கிடைப்பதில்லை. ஒரு வரியைப் பிடித்து இழுத்தால் பின்னாடி ஒரு வழக்கு வருகிறது. வழக்கை இழுத்தால் ஒரு பிள்ளை வருகிறது.

உதாரணத்துக்கு, இப்போது எல்லாக் குறிப்புகளிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும் ஒரு எச்சரிக்கை: மாணவன் யாரையாவது அடித்துவிட்டான் என்பதாலேயே சமத்துவச் சட்டம் அவனுக்குப் பொருந்தாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

படிக்க சாதாரணமாக இருக்கிறது. ஆனால் 2018 ஆகஸ்ட் வரைக்கும் வக்கீல்கள் இதற்கு நேர் எதிராகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதுவும் சட்டப்படி சரியாகவே. 2010-ல் வந்த சமத்துவச் சட்டத்தோடு சேர்த்து ஒரு விதித்தொகுப்பும் வந்தது. எதெல்லாம் அந்தச் சட்டத்தின் கண்ணில் "ஊனம்" ஆகாது என்று அதில் ஒரு பட்டியல். தீ வைக்கும் இயல்பு, திருடும் இயல்பு, பிறரை உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ தாக்கும் இயல்பு, இப்படிப் போகும். இந்தப் பட்டியல் புதுசும் இல்லை. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளி பாகுபாட்டுச் சட்டத்துக்காக 1996-ல் எழுதிய விதிகளில் இருந்ததை அப்படியே எடுத்து ஒட்டியது. அந்த 1995 சட்டம் முக்கியமாக வேலை, கடை, வாடகை வீடு இவற்றைப் பற்றியது. பள்ளிக்கூடம் அப்போது பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே. ஆக, வயசுக்கு வந்தவர்களை மனசில் வைத்து எழுதிய ஒரு பட்டியல் சத்தமில்லாமல் வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

விளைவு என்ன? ஆட்டிசம் உள்ள ஒரு பையன். சத்தம், கூட்டம், திடீர் மாற்றம் தாங்க முடியாமல் கை ஓங்குகிறான். அந்தக் கை ஓங்கலே ஆட்டிசத்திலிருந்து வருவது. ஆனால் சட்டம் சொன்னது: உன் ஆட்டிசத்துக்குப் பாதுகாப்பு உண்டு, நீ அடிக்கிறதுக்குக் கிடையாது. ஜுரத்துக்கு மருந்து உண்டு, உடம்பு சுடுவதற்குக் கிடையாது என்கிற மாதிரி.

2018-ல் மேல் தீர்ப்பாயத்துக்கு வந்த வழக்கில் பையனின் பெயர் வெறும் ஒரு எழுத்துதான். 11 வயசில், மூர்க்கமாக நடந்துகொண்டதற்காகப் பள்ளி அவனை ஒன்றரை நாள் விலக்கி வைத்தது. ஒன்றரை நாள்! நம்மூரில் இதற்கு யாரும் லீவு லெட்டர்கூட எழுத மாட்டார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். கீழ்த் தீர்ப்பாயம் அந்த விதியைக் காட்டிப் பள்ளி பக்கம் நின்றது. மேல் தீர்ப்பாய நீதிபதி அலிசன் ரௌலி வேறு மாதிரி கேட்டார். எந்த நிலைமைக்காக இந்தப் பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தருகிறோமோ, அதே நிலைமையின் வெளிப்பாட்டைக் காரணம் காட்டி அவனைச் சட்டப் பாதுகாப்புக்கு வெளியே தள்ளுவதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்? அரசாங்கத் தரப்பால் அவரைத் திருப்திப்படுத்த முடியவில்லை. ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின்படி, பள்ளியில் படிக்கும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த விலக்கு செல்லாது என்று தீர்ப்பானது.

இதை "அடித்தாலும் பள்ளி ஒன்றும் செய்யக்கூடாது" என்று படித்தவர்கள் உண்டு. அது தப்பு. பள்ளி இன்னமும் விலக்கலாம். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய நியாயமான மாற்றங்களைச் செய்தோம், மற்ற பிள்ளைகளின், பணியாளர்களின் பாதுகாப்புக்காக இது அளவோடு எடுத்த நடவடிக்கை என்று காட்ட வேண்டும். 2018-க்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான், அவ்வளவும்தான்.

சரி, ஒன்றரை நாள் விலக்கலுக்குத் தலைமை ஆசிரியர் எப்போதிலிருந்து வக்கீலைக் கேட்க ஆரம்பித்தார்? அதுதான் என் கேள்வி. ஏனென்றால் ரொம்ப காலத்துக்கு அவர் பக்கத்தில் நின்றவர் வக்கீல் இல்லை, டாக்டர்.

1870-ல் இங்கிலாந்தில் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது, 1880-ல் பள்ளி வருகை கட்டாயமானது. எல்லாப் பிள்ளையும் உள்ளே வந்ததும்தான் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை என்பது வாத்தியார்களுக்கு உறைத்தது. (கட்டாயக் கல்வி வரும் வரை "மந்தமான பிள்ளை" என்று ஒரு பிரச்சினையே அரசாங்கத்துக்கு இருந்ததில்லை. அவன் வயலிலோ ஆலையிலோ இருந்தான்.) பார்வையற்றோர், காது கேளாதோர் நிலையை ஆராய்ந்த அரச கமிஷன் 1889-ல் அறிக்கை தந்தது. 1893-ல் அதற்கு ஒரு சட்டம்: பார்வையில்லாத பிள்ளைக்கு 5 வயசிலிருந்தும், காது கேளாத பிள்ளைக்கு 7 வயசிலிருந்தும், 16 வரைக்கும் கல்வி தந்தே ஆக வேண்டும். 1899-ல் இன்னொரு சட்டம், "குறைபாடுள்ள" பிள்ளைகளுக்கும் வலிப்பு நோயுள்ள பிள்ளைகளுக்கும். இதில் ஒரு சின்ன வினைச்சொல் மாறிவிட்டது. முதல் சட்டத்தில் "செய்ய வேண்டும்"; இரண்டாவதில் "செய்யலாம்". அந்தச் "செய்யலாம்" 1914-ல்தான் "வேண்டும்" ஆனது, அதுவும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு மட்டும். மற்றவர்களுக்கு 1918.

இந்த "லாம்"–"வேண்டும்" சண்டை இன்னும் ஓயவில்லை. இன்றைய சிறப்புக் கல்வி நடைமுறைக் கோவையை எடுத்துப் பாருங்கள், 2015 ஜனவரிப் பதிப்பு. அதில் இரண்டு வகை வாக்கியங்கள். ஒன்று சட்டக் கடமை, மீறவே முடியாது. இன்னொன்று அதற்கு ஒரு படி கீழே: கவனத்தில் எடுத்தே ஆகணும், விலகினால் காரணம் சொல்லத் தெரியணும். வக்கீல் குறிப்புகளில் பாதி, எந்த வாக்கியம் எந்த வகை என்று பிரித்துக் காட்டும் வேலைதான்.

டாக்டருக்கு வருகிறேன். 1899 சட்டப்படி ஒரு பிள்ளை சிறப்புப் பள்ளிக்குரியதா இல்லையா என்பதற்கு மருத்துவச் சான்று வேண்டும். 1907-க்கு அப்புறம் பள்ளிகளுக்கென்றே மருத்துவச் சேவை. 1913-ல் மனக்குறைபாட்டுச் சட்டம் வந்தது. மனிதர்களை நான்கு வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அன்றைக்கு அவை மருத்துவச் சொற்கள், இன்றைக்கு அந்த மொழியில் அவை தெருச்சண்டையில் வசைச் சொற்கள். சிறப்புப் பள்ளியிலும் படிக்க வைக்க முடியாத பிள்ளைகள் யார் என்று கண்டுபிடித்துத் தருவது கல்வி நிர்வாகத்தின் கடமை என்று அந்தச் சட்டம் சொன்னது. படிக்க வைப்பதற்கான கடமை இல்லை. யாரைப் படிக்க வைக்க வேண்டாம் என்று கண்டுபிடிப்பதற்கான கடமை.

1944 கல்விச் சட்டத்தை இங்கிலாந்துக்காரர்கள் பெருமையாகப் பேசுவார்கள்: எல்லாருக்கும் இலவச இடைநிலைக் கல்வி, போருக்கு நடுவில் நிறைவேற்றியது. பெருமைதான். ஆனால் அதன் 57-ஆம் பிரிவை யாரும் மேடையில் சொல்வதில்லை. ஒரு பிள்ளை பள்ளிக் கல்விக்குத் தகுதியில்லை என்று நிர்வாகம் முடிவு செய்தால், கல்வித் துறையிலிருந்து அந்தப் பிள்ளையை விடுவித்து, மனக்குறைபாட்டுச் சட்டத்தின் கீழ் உள்ளாட்சிக்கு எழுதி அனுப்பிவிடலாம். அடுத்த வருஷமே, 1945-ல், "ஊனமுள்ள மாணவர்" என்பதற்குப் பதினொரு வகைகள் விதியாக வந்தன. பார்வையற்றோர், பாதிப் பார்வையுள்ளோர், காது கேளாதோர், பாதி கேட்போர், நோஞ்சான்கள், சர்க்கரை நோயுள்ளோர், கல்வியில் பின்தங்கியோர், வலிப்புள்ளோர், சூழலோடு ஒட்டாதோர், உடல் ஊனமுற்றோர், பேச்சுக் குறையுள்ளோர். பதினொன்றிலும் இடமில்லாத பிள்ளைதான் 57-ஆம் பிரிவுக்குப் போனது.

அந்தப் பிரிவின் கீழ் தன் பிள்ளைக்கு இடமில்லை என்றான ஒரு அம்மா, ஜூடி ஃப்ரைட். 1946-ல் ஒரு குழந்தை வளர்ப்புப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், என் மாதிரி வேறு யாராவது இருக்கிறீர்களா என்று. குவிந்த பதில்களிலிருந்து பெற்றோர் சங்கம் ஒன்று பிறந்தது. இன்று மென்கேப் என்று எல்லாருக்கும் தெரிந்த அமைப்பு அதுதான். 1950-களின் இறுதியில் ஜாக் டிசார்ட் என்ற உளவியலாளர், லண்டனில் ஒரு மருத்துவமனையில் கிடந்த 16 பிள்ளைகளை புரூக்லண்ட்ஸ் என்ற வீட்டுக்கு மாற்றி, விளையாட்டும் பேச்சுமாக வளர்த்துக் காட்டினார். அதே மாதிரி இன்னொரு 16 பேர் மருத்துவமனையிலேயே இருந்தார்கள். வீட்டுக்கு வந்தவர்களின் பேச்சு வளர்ச்சி மற்றவர்களை விட நன்றாகவே முந்தியது. "படிக்க வைக்க முடியாதவர்கள்" என்ற சொல்லுக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது என்பது இவ்வளவு எளிமையாக நிரூபணமானது. ஆனாலும் சட்டம் மாற இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஆச்சு. 1970-ல் ஒரு குட்டிச் சட்டம், 1971 ஏப்ரல் 1 முதல் அமல். பயிற்சி மையங்களில் இருந்த சுமார் 24,000 பிள்ளைகளும் மருத்துவமனைகளில் இருந்த சுமார் 8,000 பிள்ளைகளும் ஒரே நாளில் மாணவர்கள் ஆனார்கள். அன்றைக்குத்தான் இங்கிலாந்தில் கல்வி உண்மையிலேயே எல்லாருக்கும் ஆனது என்று நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன். 1870-உம் இல்லை, 1944-உம் இல்லை.

உளவியலாளர் எப்போது நுழைந்தார் என்று கேட்கலாம். 1913-லேயே லண்டன் கவுண்டி கவுன்சில் சிரில் பர்ட்டை வேலைக்கு எடுத்தது. சிறப்புப் பள்ளிக்கு யாரை அனுப்பலாம் என்று சோதித்துச் சொல்வது அவர் வேலையில் ஒரு பகுதி. பிரான்சில் பினே 1905-ல் செய்த சோதனை அப்புறம் ஐ.க்யூ. எண்ணாக உருமாறி ஊரையே ஆண்ட கதை பலருக்கும் தெரியும். இங்கே ஒரு புத்தகத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். கிரெனடா தீவிலிருந்து வந்து லண்டனில் ஆசிரியராக இருந்த பெர்னார்ட் கோர்ட், 1971-ல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். கரீபியன் குடும்பங்களின் பிள்ளைகள் "கல்வியில் பின்தங்கியோர்" பள்ளிகளில் அளவுக்கு மீறிக் குவிந்து கிடக்கிறார்கள், அவர்களை அங்கே அனுப்பும் சோதனைகள் இங்கிலாந்து நடுத்தர வர்க்கத்தின் சொற்களாலும் பழக்கங்களாலும் ஆனவை என்பதே அவர் வாதம். பிள்ளை பின்தங்கவில்லை, பள்ளி பின்தங்க வைக்கிறது என்றார். இந்த கோர்ட் பின்னாளில் கிரெனடா அரசியலில் பிரதமர் பிஷப்பைக் கவிழ்த்தவர்களில் ஒருவராகி, கொலை வழக்கில் பல வருஷம் சிறையில் இருந்தது வேறு கதை. புத்தகம் புத்தகம்தான்.

இந்தப் பின்னணியில்தான் வார்னாக் குழு வருகிறது. 1973-ல் கல்வி அமைச்சராக இருந்த மார்கரெட் தாட்சர் அறிவித்தார். தலைவர் மேரி வார்னாக், தத்துவ அறிஞர். 1978 அறிக்கை பழைய வகைப்பாடுகளைத் தூக்கி எறியச் சொன்னது. பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்காதே, என்ன தேவை என்று கேள். ஏதோ ஒரு சமயத்தில் ஆறில் ஒரு பிள்ளைக்கு, பள்ளிக் காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஐந்தில் ஒரு பிள்ளைக்கு, இந்தத் தேவை வரும் என்றது. சிறப்புப் பள்ளியில் அப்போது இருந்தவர்கள் சுமார் நூற்றுக்கு இரண்டு பேர்தான். மிச்சப் பேர் எங்கே? சாதாரண வகுப்பில், கடைசி பெஞ்சில்.

1981 சட்டம் இதை ஏற்றுக்கொண்டது. 1983-ல் அமலுக்கு வந்தது. கூடுதல் பணம் மட்டும் வரவில்லை. சட்டம் தந்த வரையறையை ஒரு தடவை படித்துப் பாருங்கள். சிறப்பு ஏற்பாடு தேவைப்படும் அளவுக்குக் கற்றல் சிரமம் இருந்தால் அந்தப் பிள்ளைக்குச் சிறப்புத் தேவை உண்டு. அப்படின்னா சிறப்புத் தேவை யாருக்கு? சிறப்பு ஏற்பாடு தேவைப்படுகிறவனுக்கு. கோழியா முட்டையா கதை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், இந்த வட்டத்துக்குள்தான் வக்கீலுக்கு இடம் கிடைத்தது. பழைய பதினொரு வகையில் டாக்டர் சொன்னால் முடிந்தது. "தேவை" என்று வந்ததும் எவ்வளவு தேவை, யார் தருவது, எத்தனை மணி நேரம், எல்லாமே வாதத்துக்குரியது ஆனது. பேச்சுப் பயிற்சி கல்வியா, மருத்துவமா? 1980-களில் இதற்கே வழக்கு. லங்காஷயர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பேசக் கற்றுத் தருவது கல்விதான் என்றது. அம்மாமார்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

பெரிய தேவையுள்ள பிள்ளைக்கு "ஸ்டேட்மென்ட்" என்று ஒரு ஆவணம். அதில் எழுதியது எதுவோ அதைத் தர வேண்டும். 1981 சட்டத்தில் இதற்குக் காலக்கெடு கிடையாது, மேல்முறையீட்டுக் குழுவால் நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. 1993 சட்டம் இரண்டையும் சரிசெய்தது. 1994-ல் தீர்ப்பாயம் வந்தது, நடைமுறைக் கோவை வந்தது, ஒவ்வொரு பள்ளியிலும் "சென்கோ" என்றழைக்கப்படும் ஒரு ஒருங்கிணைப்பாளர் வந்தார். லண்டன் தமிழ் வீடுகளில் இந்தச் சொல் இப்போது சர்வசாதாரணம்.

அடுத்து ஃபெல்ப்ஸ் வழக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். லண்டனின் மேற்கு ஓரம், ஹில்லிங்டன். ஒரு பெண் பிள்ளைக்கு எழுத்து கூடவில்லை. 1985-ல் கல்வி உளவியலாளர் சோதித்துப் பார்த்து, குறிப்பிட்ட குறைபாடு எதுவும் தெரியவில்லை என்று எழுதினார். அந்த ஒரு காகிதத்தின் மேல் மிச்சப் பள்ளி வாழ்க்கை முழுக்க ஓடியது. பள்ளியை விடும் காலத்தில் பெற்றோர் தனியாகச் சோதித்தபோதுதான் கடுமையான டிஸ்லெக்ஸியா என்று தெரிந்தது. அவர் வளர்ந்தபின் வழக்குப் போட்டார். 1997-ல் உயர் நீதிமன்றம் சுமார் 45,000 பவுண்டு நஷ்டஈடு தந்தது. மேல்முறையீட்டில் அது பறிபோனது. 2000 ஜூலையில் பிரபுக்கள் சபை, ஏழு நீதிபதிகள் அமர்ந்து, திருப்பித் தந்தது.

அந்தத் தீர்ப்பின் சாரம்: ஒரு குறிப்பிட்ட பிள்ளையைப் பற்றி ஆலோசனை சொல்லக் கூப்பிட்ட உளவியலாளருக்கு அந்தப் பிள்ளையிடம் கவனக்கடமை உண்டு. அதில் அலட்சியம் செய்தால் அவரை வேலைக்கு வைத்த நிர்வாகம் பொறுப்பு. டிஸ்லெக்ஸியாவைக் கண்டுபிடிக்காமல் விட்டதால் வந்த நஷ்டமும் நஷ்டம்தான். ஆசிரியர்களுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். கூடவே, "சரியாகச் சொல்லித் தரவில்லை" என்று பொத்தாம்பொதுவாக வரும் வழக்குகளுக்குக் கதவைத் திறக்கவில்லை என்ற எச்சரிக்கையும் இருந்தது.

2000-க்குப் பிறகு பள்ளிக் கோப்புகள் தடித்தன என்பது என் எண்ணம். எழுதி வை, தேதி போடு, யார் சொன்னார்கள் என்று குறித்து வை. இன்றைய ஆலோசனைக் குறிப்புகளின் ஆத்மாவே இதுதான். இது பிள்ளைக்கு நல்லதா? பாதிதான் நல்லது. 1985-ல் ஒரு தடவை சோதித்துவிட்டு மறந்தது போல இப்போது மறக்க முடியாது. ஆனால் தற்காப்புக்காக எழுதும் கோப்பும் பிள்ளைக்காக எழுதும் கோப்பும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். படித்தால்தான் தெரியும்.

வக்கீல் பள்ளிக்கே வந்து சேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. முன்பெல்லாம் பள்ளிக்குச் சட்டச் சந்தேகம் வந்தால் உள்ளாட்சியின் சட்டப் பிரிவுக்குப் போன் பண்ணுவார்கள். 1988 சட்டம் பட்ஜெட்டைப் பள்ளி கையில் கொடுத்தது. 2000-களில் தொடங்கி, 2010-க்குப் பிறகு வேகமாக, பள்ளிகள் "அகாடமி"களாகி உள்ளாட்சியிலிருந்து பிரிந்தன. தனியாக வந்தவன் தனக்கென்று ஒரு வக்கீலும் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே. சந்தை பிறந்தது, ஆலோசனைக் குறிப்பும் பிறந்தது.

மாற்றுத்திறனாளி பாகுபாட்டுச் சட்டம் 2002 செப்டம்பரில்தான் முழுசாகப் பள்ளிக்குள் வந்தது. வந்து ஆறு வருஷத்தில் ஒரு வீட்டு வாடகை வழக்கு அதைக் கவிழ்த்தது. லூயிஷம் கவுன்சில் வீட்டில் குடியிருந்த, ஸ்கிசோஃப்ரெனியா உள்ள ஒருவர், விதிக்கு மாறாக வீட்டை உள்வாடகைக்கு விட்டார். அவரை வெளியேற்றியது பாகுபாடா? இதே காரியத்தைச் செய்த, நோயில்லாத ஒருவரையும் வெளியேற்றியிருப்பார்கள், ஆகவே பாகுபாடு இல்லை என்று 2008-ல் பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. இதைப் பள்ளியில் பொருத்திப் பாருங்கள்: ஆட்டிசம் இல்லாத பையன் மேஜையைக் கவிழ்த்தாலும் விலக்கியிருப்போம், ஆகவே இவனை விலக்கியதும் சரி. சட்டமே அர்த்தமில்லாமல் போனது. 2010 சமத்துவச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு இந்த ஒப்பீட்டை எடுத்தெறிந்தது. ஊனத்தினால் விளைந்த ஒன்றுக்காக மோசமாக நடத்தினாயா, அதற்கு நியாயம் உண்டா, அவ்வளவுதான் கேள்வி. பள்ளிக்கு ஊனம் தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை என்றால் தப்பிக்கலாம். "எங்களுக்குத் தெரியாதே" என்பது அதனால் ஒரு சட்ட வாதம், சில பள்ளிகளில் ஒரு கொள்கையாகவும் ஆகிவிடுகிறது.

பள்ளிக்காரர்கள் சிக்குவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். முதலாவது, சிறப்புத் தேவையும் ஊனமும் ஒன்று என்று நினைப்பது. சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்குப் படிப்பில் ஒரு தேவையும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் சமத்துவச் சட்டம் அவளுக்கு உண்டு. 1945-ல் அவளுக்கென்று தனி வகையே இருந்தது, அப்புறம் நோஞ்சான்களோடு சேர்த்தார்கள், 2014 சட்டத்தின் 100-ஆம் பிரிவில் "மருத்துவ நிலை" என்று திரும்பி வந்தாள். அதோடு, ஊனம் என்பதற்குப் பாதிப்பு "கணிசமாக" இருக்கணும் என்று சட்டம் சொல்கிறது. கணிசம் என்றதும் பெரிசு என்று தோன்றும். சட்டமே வரையறை தருகிறது: அற்பத்துக்கு மேல் இருந்தால் கணிசம். இரண்டாவது, "இன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரம் கூட்டிக்கிட்டுப் போயிடுங்களேன்". அமைதியாகட்டும் என்று பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவது, முறையான விலக்கல் ஆணை இல்லாவிட்டால், சட்டவிரோதம். பெற்றோர் சரி என்று சொல்லியிருந்தாலும் சட்டவிரோதம். அமைதியாகப் பேசி அனுப்புவதால் எதுவும் பதிவாகாது. பதிவாகாத விலக்கலை எதிர்த்து எங்கே போய் முறையிடுவது?

பணத்துக்குப் பயந்து பள்ளிகள் இப்படிச் செய்வதாக நினைக்க வேண்டாம். பள்ளி பாகுபாட்டு வழக்குகளில் தீர்ப்பாயம் நஷ்டஈடு தர முடியாது. மன்னிப்புக் கடிதம் எழுது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடு, கொள்கையை மாற்று என்று ஆணையிடலாம். ஒரு தலைமை ஆசிரியர் பதினொரு வயசுப் பையனுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுவது. இங்கிலாந்தில் அது காசைவிடக் கனமானது போலும்.

2014 சட்டம் ஸ்டேட்மென்டுக்குப் பதிலாக, 25 வயசு வரை நீளும் கல்வி–உடல்நலம்–பராமரிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2024 ஜனவரியில் அப்படிச் சுமார் 5.76 லட்சம் திட்டங்கள் இருந்தன. இருபது வாரத்தில் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 2023-ல் சுமார் பாதிதான் அப்படி வந்தது. மேரி வார்னாக்கே 2005-ல், தன் குழு பரிந்துரைத்த ஸ்டேட்மென்ட் முறை சரியாக வரவில்லை என்று தனி நூல் எழுதிவிட்டார். அரசாங்கம் கேட்கவில்லை. பெயரை மாற்றியது.

இத்தனை மாற்றத்திலும் ஒரு துணைப்பிரிவு மட்டும் 1981-லிருந்து ஏறக்குறைய அப்படியே நகலாகி வருகிறது. 2014 சட்டத்தில் அது 20(4). வீட்டில் பேசும் மொழி பள்ளி மொழியிலிருந்து வேறுபட்டிருப்பதாலேயே ஒரு பிள்ளைக்குக் கற்றல் சிரமம் இருப்பதாகக் கருதக் கூடாது. கோர்ட் எழுதிய காலத்து அநியாயத்துக்கு எதிரான வேலி என்றே இதை வாசிக்கிறேன். ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ வீட்டில் தமிழ் மட்டும் பேசி வளர்ந்த பிள்ளை, நர்சரியில் வாயைத் திறக்கவில்லை என்பதற்காக மந்தம் என்ற முத்திரை வாங்காமல் இருக்க இந்த வேலி வேணும்.

ஆனால் வேலிக்கு இரண்டு பக்கமும் உண்டு. "இரண்டு மொழி இல்லையா, அதான் பேச்சு வரவில்லை, போகப்போகச் சரியாகிடும்" என்று பள்ளி சொல்ல, வீட்டில் பெரியவர்களும் "இவன் அப்பாவும் நாலு வயசு வரைக்கும் பேசலை" என்று சொல்ல, இரண்டு வருஷம் போய்விடும். அந்தத் துணைப்பிரிவில் "மட்டுமே" என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. மொழி மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது. மொழியோடு வேறொன்றும் இருக்கலாம், அதைப் பார் என்றுதான் அந்தச் சொல் சொல்கிறது. தமிழில் சோதித்தாலும் இந்தச் சிரமம் தெரிகிறதா என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கிறது. எத்தனை பேர் கேட்கிறார்கள்?

எல்லையைத் தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போனால் கணக்கே வேறு. அங்கே 2004 சட்டம் "சிறப்புத் தேவை" என்ற சொல்லையே விட்டுவிட்டு, "கூடுதல் ஆதரவு" என்று வைத்தது. எந்தக் காரணத்தால் ஆதரவு தேவைப்பட்டாலும் சரி. வீட்டு மொழி வேறு என்பதும் அங்கே ஒரு காரணம்தான். ஒரே தீவு, கார்லைலில் ரயில் ஏறி கிளாஸ்கோவில் இறங்கும் பிள்ளைக்குச் சட்டம் தலைகீழ். அதைத் தனியாக எழுதணும். குறிப்புகள் எடுத்து வைத்திருக்கிறேன்.